சிறு நாயும் சொற்கேட்கும் பழக்கமும்

முப்பது கிலோகிராம் நிறையுள்ள நாய் ஒன்று வீட்டுக்கு வந்த விருந்தினர்மீது முன்னங்கால்களைத் தூக்கிப் பாயுமாயின், வீட்டார் பதறியெழுந்து அதனைப் பிடித்துக் கட்டுவர். வந்தவரிடம் மன்னிப்பும் கேட்பர். மூன்று கிலோகிராம் நிறையுள்ள நாய் ஒன்று அதே விருந்தினரின் முழங்காலைப் பிறாண்டுமாயின் வீட்டார் சிரிப்பர்; விருந்தினரும், தம் வேட்டி கிழியாதவரையில், உடன் சிரிப்பார். பெரிய நாயின் உறுமல் எச்சரிக்கை; சிறிய நாயின் உறுமல் வேடிக்கை. பெரிய நாய் கதிரையில் ஏறினால் குற்றம். சிறிய நாய் ஏறினால் செல்லம். நாய் என்ற வகையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. முகர்தல், கேட்டல், நினைவிற் கொள்ளல், பயன் தந்த செயலைத் திரும்பச் செய்தல் ஆகிய இயல்புகள் இரண்டுக்கும் பொதுவானவை. ஆயினும் ஒன்றுக்கு வீட்டார் பாடம் கற்பிக்கின்றனர். மற்றதற்குக் கற்பிக்க வேண்டுமென அவர்கள் எண்ணுவதே இல்லை. எண்ணாவிடினும் கற்பித்தல் நடந்துகொண்டேயிருக்கிறது. குரைத்தால் தூக்குவார்கள், பிறாண்டினால் திரும்பிப் பார்ப்பார்கள், உறுமினால் விலகுவார்கள் என்பவற்றையெல்லாம் அந்தச் சிறு நாய் சில கிழமைகளுள் மிகத் திறமையாகக் கற்றுக்கொள்கிறது.

இது வெறும் ஊகம் அன்று. ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் நாய் வளர்ப்போர் 1,276 பேரிடம் வினாக்கொத்து மூலம் விசாரித்து நடத்தப்பட்ட ஆய்வொன்று 2010ஆம் ஆண்டு வெளியாயிற்று. இருபது கிலோகிராமுக்குக் குறைந்த நிறையுடைய நாய்களையும் அதற்கு மேற்பட்டவற்றையும் அவ்வாய்வு ஒப்பிட்டது. சிறிய நாய்கள் சொற்கேட்பதிற் பின்தங்கியிருந்தன. மிகையான பரபரப்பும் சீற்றமும் அவற்றிடம் கூடுதலாகக் காணப்பட்டன. காரணத்தைத் தேடியவிடத்து, சிறிய நாய்களின் உரிமையாளர் அவற்றுடன் பழக்கப் பயிற்சியிலும் விளையாட்டிலும் ஈடுபடுவது குறைவு என்பதும், இன்று ஒன்று நாளை வேறொன்றாக அவர்கள் நடந்துகொள்வது அதிகம் என்பதும் தெரியவந்தன. தண்டனை மிகுந்த வீடுகளில் இருவகை நாய்களிடமும் சீற்றமும் பரபரப்பும் மிகுந்திருந்தன. சிறியவற்றிடம் அச்சமும் அதனோடு கூடியிருந்தது. நாயின் அளவன்று, அளவைக் கண்டு மனிதர் கொள்ளும் அலட்சியமே குறைக்குப் பெரும்பங்கு காரணம் என்று இதனாற் கொள்ள இடமுண்டு.

இலங்கையில் மிகுதியாக விரும்பி வளர்க்கப்படும் சிறு நாய்களுள் பொமரேனியன் ஒன்று. அதன் வரலாறே இவ்வுண்மைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். போல்டிக் கடலோரத்தில், இன்று போலந்துக்கும் ஜேர்மனிக்கும் உரியதாய்ப் பிரிந்து கிடக்கும் பொமரேனியா என்னும் நிலப்பகுதியின் பெயரையே இந்நாய் தாங்கி நிற்கிறது. குளிர்நாடுகளிற் பனிச்சறுக்கு வண்டி இழுத்தும், வீடு வாசலைக் காத்தும் வந்த தடித்த உரோமமுடைய நாய்களின் வழிவந்தது அது. இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணியார் 1888ஆம் ஆண்டில் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் சென்றிருந்தபோது மார்க்கோ என்னும் சிறிய பொமரேனியன் ஒன்றை வாங்கி வந்தார். அரசியின் விருப்பம் நாட்டின் விருப்பமாயிற்று. சிறியவற்றையே தெரிந்தெடுத்து இனம்பெருக்கும் வழக்கம் வளர்ந்தது. இன்றைய பொமரேனியனின் நிறை பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று கிலோகிராமே. ஈண்டு அப்பெயரால் வளர்க்கப்படுவனவற்றுட் பல கலப்பினமாய்ச் சற்றே பெரியனவாக இருக்கும். உடல் சுருங்கியதேயன்றி உள்ளியல்பு சுருங்கவில்லை. படலையடியில் ஒரு மிதியடி ஓசை கேட்டதும் வீடே அதிரக் குரைக்கும் அந்தப் பஞ்சுப்பொதி, தன் முன்னோர் செய்த காவற்றொழிலையே செய்கின்றது. அதனைப் பொம்மையாக எண்ணியவர்களே அக்குரைப்பைக் கண்டு வியப்பர்.

விலங்குகள் எவ்வாறு கற்கின்றன என்பதை அறிவியலார் ஆராயத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. உணவு செரித்தல் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் பாவ்லோவ், உணவுக்கு முன்னே வரும் அறிகுறிக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதை விரிவாக ஆராய்ந்தார். அமெரிக்கரான தோண்டைக், பூனைகளைப் பெட்டியில் அடைத்து அவை தாழ்ப்பாளைத் திறக்கக் கற்கும் வகையை 1898ஆம் ஆண்டில் விளக்கினார். நற்பயன் தந்த செயல் மீண்டும் நிகழும், பயன் தராத செயல் தேயும் என்பது அவர் கண்ட விதி. அவர்க்குப் பின்வந்த ஸ்கின்னர் இதனை நாய் வளர்ப்போர்க்கும் பயன்படும்படி செய்தார். 1951ஆம் ஆண்டு ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரையில், அழுத்தினால் ‘டிக்’ என ஒலிக்கும் சிறு விளையாட்டுக் கருவியொன்றைக் கொண்டு நாயைப் பழக்கலாமெனக் காட்டினார். ஒலி கேட்டவுடன் உணவு என்று சிலமுறை பழக்கிவிட்டால், பின்னர் நாய் விரும்பிய செயலைச் செய்யும் அந்தக் கணத்திலேயே ஒலியெழுப்பி, ‘இதுவே சரி’ என அதற்கு உணர்த்த முடியும்.

அந்தக் கணம் என்பதே இங்கு முதன்மையானது. நாய் தான் செய்த செயலையும் அதன் பயனையும் இணைத்துக்கொள்ளும் இடைவெளி மிகக் குறுகியது. ஓரிரு விநாடிக்குள் பரிசு கிட்டாவிட்டால் இணைப்புத் தளர்ந்துவிடும். நாய் அமர்ந்தது, உடனே உரிமையாளர் எழுந்து அடுக்களைக்குப் போய், தகரத்தைத் திறந்து, பிஸ்கட் ஒன்றை எடுத்து வந்தார், அதற்குள் நாய் எழுந்து வாலையாட்டிக்கொண்டு அவர் காலடியிற் குதித்தது, அப்போது பிஸ்கட் அதன் வாய்க்குப் போயிற்று. அங்கே பரிசு பெற்றது அமர்தல் அன்று, குதித்தல். தண்டனைக்கும் இதுவே விதி. காலையிற் கடித்த சப்பாத்தை மாலையிற் காட்டி ஏசினால், நாய் காதை மடித்துப் பதுங்குவது குற்றவுணர்வினால் என்று வீட்டார் மகிழ்வர். நாய் அறிந்தது, வீட்டுத் தலைவர் மாலையில் வரும்போது முகம் கடுகடுத்திருக்கும் என்பது மட்டுமே.

சிறு நாய் வளர்ப்போர் யாவரும் அறியவேண்டிய இன்னொரு விதியுண்டு. ஒரு செயலுக்கு ஒவ்வொரு முறையும் பயன் கிட்டி, பின்னர் ஒருநாள் அடியோடு நின்றுவிட்டால் அச்செயல் ஓரளவு விரைவில் மறையும். இடைக்கிடை மட்டும் பயன் கிட்டி வந்ததாயின் அது எளிதில் மறையாது. ஸ்கின்னரும் அவருடன் பணியாற்றிய பேர்ஸ்ரரும் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலில், புறாக்களைக் கொண்டு செய்த நீண்ட சோதனைகளால் இத்தகைய பயனளிப்பு முறைகளின் விளைவுகளை விரிவாகக் காட்டினர். இதனை உணவு மேசைக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். நாய் மேசையருகே நின்று முனகுகிறது. தந்தையார் கொடுக்கக்கூடாது என்கிறார். ஒன்பது நாள் எவரும் கொடுப்பதில்லை. பத்தாம் நாள் பாட்டியார் மனமிரங்கி ஒரு மீன்துண்டைக் கீழே நழுவவிடுகிறார். பாட்டியார் செய்தது ஒருமுறை காட்டிய இரக்கமென வீட்டார் கொள்வர். நாயின் கணக்கோ வேறு: முனகலைக் கைவிடாது தொடர்ந்தால் என்றோ ஒருநாள் மீன் விழும். இவ்வகையில் ஊன்றிய பழக்கத்தை மாற்றுவது, நாள்தோறும் ஊட்டி வளர்த்த பழக்கத்தை மாற்றுவதைவிடக் கடினம்.

அதனை மாற்ற முற்படும் வீட்டாருக்கு இடையில் ஒரு சோதனை வருவதுண்டு. பயன் நின்றவுடன் நாயின் முனகல் அடங்குவதற்குப் பதிலாக முதலிற் கூடும்; முனகல் குரைப்பாகும், குரைப்பு ஓலமாகும். சில நாள் பொறுத்தால் இவ்வெழுச்சி தணிந்துபோகும். ஆனாற் பெரும்பாலோர் அந்த உச்சக்கட்டத்திலேயே மனந்தளர்ந்து, “இந்தா, தின்று தொலை” என்று எறிந்துவிடுகின்றனர். அதனால் நாய் ஓலத்தின் பெறுமதியை அறிந்துகொள்கிறது. ஆகவே முடிவெடுக்கும் முன் வீட்டிலுள்ள அனைவரும் ஒருமித்து இருத்தல் வேண்டும். நாய்க்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை ஒரு கடதாசியில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவைப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். வீட்டில் உள்ளோர் நால்வரும் நான்கு சட்டங்களை நடத்துவதிலும் அது மேலானது.

சொற்களைப் பற்றியும் இதே ஒருமை வேண்டும். தமிழ்ப்பேசும் வீடுகளில் நாய்க்கு ஆங்கிலத்தில் ஆணையிடுவது நெடுநாளைய வழக்கம். மனிதரோடு ஒருபோதும் ஆங்கிலம் பேசாதவரும் நாயைக் கண்டதும் ‘சிற்’ என்பர். நாய்க்கு மொழிப்பற்று இல்லை. எந்த மொழியாயினும் அதற்கு ஓர் ஒலியே. ஒரே செயலுக்குத் தந்தை ‘கம்’ என்றும், தாய் ‘இஞ்சை வா’ என்றும், மகன் நாயின் பெயரை மட்டும் ஐந்து முறை கூவியும் அழைப்பதே இடர். தமிழ்ச் சொற்களைத் தெரிந்தெடுப்போர் ஒன்றைக் கவனித்தல் நலம். ‘இரு’ என்னும் சொல் இலங்கை வழக்கில் அமர்வதையும் குறிக்கும். ‘கொஞ்சம் இரு, வாறன்’ என்னுமிடத்துப் பொறுத்திருத்தலையும் குறிக்கும். மனிதர் இடமறிந்து பொருள் கொள்வர், நாய் கொள்ளாது. அமர்வதற்கு ‘இரு’ என்றால், அசையாது காத்திருப்பதற்கு ‘நில்’ எனப் பிறிதொன்றை வைத்துக்கொள்ளலாம். ‘வா’, ‘கிட’, ‘விடு’ என்பனவும் குறுகியவை, தம்முள் ஒலியால் வேறுபட்டவை. ஒருமுறை சொல்லிக் காத்திருத்தல் வேண்டும். ‘இரு, இரு, இரு’ எனச் சொல்லிப் பழக்கிய நாய் மூன்றாவது ‘இரு’வுக்கே அமரும், முதலிரண்டும் முன்னுரை என அது கொள்ளும்.

சொல்லினும் சைகையையே நாய் விரைந்து பற்றிக்கொள்ளும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்லின் நகரில் ஹான்ஸ் என்னும் குதிரையொன்று கூட்டல் கழித்தற் கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை கூறுகிறதென்று புகழ்பெற்றிருந்தது. கேள்வி கேட்பவரின் தலையிலும் உடலிலும் அவரறியாமல் எழும் மிகச் சிறிய அசைவுகளைக் கண்டே அது தட்டுதலை நிறுத்துகிறது என்பதை பூங்ஸ்ற் என்னும் ஆய்வாளர் 1907இல் வெளிப்படுத்தினார். மனிதர் உடலைப் படிக்கும் இத்திறம் நாயிடம் நிரம்ப உண்டு. எனவே ஒவ்வொரு சொல்லோடும் மாறாத ஒரு கைச்சைகையையும் சேர்த்துப் பழக்குதல் தகும்.

சிறு நாயைப் பழக்கும் வேலையில் உடலமைப்பினால் வரும் தனித்தன்மைகள் இங்குத்தான் தொடங்குகின்றன. இருபது சென்டிமீற்றர் உயரமுள்ள உயிருக்கு, நிமிர்ந்து நிற்கும் மனிதன் ஒரு தென்னைமரம். அம்மரம் தன்மேற் சாய்ந்து கையை நீட்டினால் அது பின்வாங்குவதில் வியப்பில்லை. ஆகவே பழக்குபவர் பாயிலோ தாழ்ந்த பலகையிலோ, நாய்க்குப் பக்கவாட்டாக அமர்ந்துகொள்ளல் வேண்டும். அவித்த கோழியிறைச்சியின் சிறு துணுக்கை விரல்களிடையே பிடித்து நாயின் மூக்கருகே கொண்டுசென்று, அங்கிருந்து மெல்ல அதன் தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்தினால், மூக்கு மேலெழப் பின்புறம் தானே தரையிற் படியும். படிந்த கணத்தில் ‘சரி’ என்னும் ஒரே சொல்; உடனே துணுக்கு. கையைச் சற்று உயர்த்திப் பிடித்தாற் சிறு நாய் அமராது; பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று கூத்தாடும். அதனைக் கண்டு சிரித்தவாறே துணுக்கைக் கொடுப்போரே மிகுதி. பின்னர் விருந்தினர் வேட்டியைப் பிறாண்டும் கலைக்கு அதுவே அரிச்சுவடி. செயல் இரண்டு மூன்று நாளில் எளிதாக வந்தபின் ‘இரு’ என்ற சொல்லைச் சேர்த்தல் வேண்டும். செயலறியா நாய்க்குச் சொல்லை முன்னே கூறுவது வீண்.

கிடக்கப் பழக்குவதே சிறு நாயிடம் சற்றுச் சிரமமானது. அதன் வயிறு தரைக்கு ஏற்கெனவே அண்மையில் இருப்பதால், துணுக்கைத் தரையில் வைத்தாலும் தலையை மட்டும் தாழ்த்தி எடுத்துக்கொள்ளும். இதற்கொரு எளிய வழியுண்டு. பழக்குபவர் தரையில் அமர்ந்து ஒரு காலை மடித்து, முழங்காலின்கீழ் சிறு பாலம்போல் இடைவெளி அமைத்து, துணுக்கை அதனூடாக இழுத்துச் செல்லல் வேண்டும். அதைத் தொடர்ந்து நுழையும் நாய் தவழ்ந்தேயாகும். தவழும் கணமே பரிசுக்குரிய கணம். ஈரமான சீமெந்துத் தரையிலும் வழுக்கும் பளிங்குத் தரையிலும் இதனை வற்புறுத்தலாகாது. மடித்த சாக்கொன்றை விரித்தால் நாய் மனமுவந்து கிடக்கும். தவிரவும், பொமரேனியன் போன்ற சிறு இனங்களில் முழங்காற் சில்லு இடம்பெயரும் குறை அடிக்கடி காணப்படுவது. அமரச் சொன்னால் அமராது ஒரு பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கும் நாயைப் பிடிவாதக்காரன் என ஏசுமுன் மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

பரிசுத் துணுக்கின் அளவு பாதிப் பயறளவே இருக்கலாம். மூன்று கிலோகிராம் நாய்க்கு நாளொன்றுக்கு வேண்டிய உணவுச் சத்து ஏறக்குறைய 250 கலோரி. மாரி பிஸ்கட் ஒன்றே அதிற் பத்தில் ஒரு பங்களவைத் தீர்த்துவிடும். எனவே பரிசாகக் கொடுத்ததை அன்றைய உணவிலிருந்து குறைத்துவிடல் வேண்டும். சொக்கலேற்று, முந்திரிகை வற்றல், வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. உடல் சிறிதாயிருக்கச் சிறிதளவே கேடு செய்யப் போதும். பயிற்சி ஒருமுறைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. தடித்த உரோமமுடைய நாய்களுக்குத் தாழ்நிலப் பகுதிகளின் நண்பகல் வெப்பம் ஆபத்தானதாகையால் விடியற்காலையும் அந்திநேரமுமே ஏற்றவை.

கழுத்துப்பட்டியை வெட்டியிழுத்துப் பணியவைக்கும் முறை பழைய பொலிஸ் நாய்ப் பயிற்சியிலிருந்து வந்தது. ஜேர்மனியரான கொன்றாட் மோஸ்ற் 1910இல் வெளியிட்ட பயிற்சி நூல் வற்புறுத்தலுக்குப் பெரிதும் இடங்கொடுத்தது. அதன் செல்வாக்கு நெடுங்காலம் உலகெங்கும் நிலவியது. பெரிய நாயின் தடித்த கழுத்துக்கே அது நன்றன்று. சிறு நாய்க்கோ அது தீங்கே. பொமரேனியன், யோர்க்சயர் ரெரியர், சிகுவாகுவா போன்றவற்றிற் சுவாசக் குழாயின் குருத்தெலும்பு தளர்ந்து குழாய் ஒடுங்கும் நோய் சாதாரணமாய்க் காணப்படுவதால், கயிற்றைக் கழுத்தில் அன்றி மார்புப்பட்டியில் மாட்டுதல் வேண்டும். நாய் முன்னே இழுத்தால் நடப்பவர் நின்றுவிடுகிறார். கயிறு தளர்ந்ததும் நடக்கிறார். முதல் நாள் படலையைத் தாண்டவே கால்மணி நேரம் ஆகலாம். இழுத்தால் உலகம் நின்றுவிடுகிறதென்பதை நாய் கற்றுக்கொள்ள ஒரு கிழமை அல்லது இரு கிழமை போதும்.

‘வா’ என்ற சொல்லுக்கு வருதலே எல்லாவற்றிலும் தலையாயது. படலை திறந்து கிடக்கிறது. தெருவில் முச்சக்கரவண்டியும் பேருந்தும் விரைகின்றன. எதிர்ப்புறத்தில் ஒரு பூனை. வண்டியோட்டிகளின் கண்ணுக்கு எட்டாத உயரமுடைய அச்சிறு நாய்க்கும் சாவுக்கும் இடையே அப்போதிருப்பது அந்த ஒரு சொல்லே. அச்சொல்லை வீட்டார் எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதை நோக்கினால் வருந்தவேண்டியிருக்கும். ‘வா’ என்றழைத்துக் குளிப்பாட்டுகின்றனர், மருந்து பருக்குகின்றனர், கடற்கரையில் விளையாடிக்கொண்டிருக்கும்போது அழைத்துக் கயிற்றைப் பூட்டி வீட்டுக்கு இழுத்துச் செல்கின்றனர், பலமுறை கூப்பிட்டும் வராமற் பிந்தி வந்த நாயை வந்த குற்றத்துக்காக அடிக்கின்றனர். இவ்வளவுக்கும் பின்னர் அச்சொல்லுக்கு ஓடிவரும் நாய் மூடநாயாகவே இருத்தல் வேண்டும். நற்பயிற்சியில் ‘வா’ என்பது எப்போதும் நன்மையின் அறிவிப்பு. ஐந்து மீற்றர் நீளமான இலேசான கயிறொன்றை மார்புப்பட்டியிற் கட்டி, முற்றத்தில் நாய் எதையோ முகர்ந்துகொண்டிருக்கையில் ஒருமுறை அழைத்து, வந்தவுடன் நாளின் மிகச் சிறந்த துணுக்கைக் கொடுத்து, திரும்பவும் விளையாட விட்டுவிடல் வேண்டும். பத்தில் ஒன்பது முறை விடுதலை, ஒருமுறை மட்டும் வீட்டுக்குள் அழைத்துச் செல்லல் என்பது தக்க விகிதம். குளிப்பாட்ட வேண்டுமாயின் அழையாமல் நாயிடம் நடந்து செல்வதே முறை.

சிறு நாய்க்கு மட்டுமே நேரும் ஓர் இன்னல், எவரும் எந்நேரமும் அதனைத் தூக்கலாம் என்பது. உறங்கும் நாயை மேலிருந்து வரும் இரண்டு கைகள் திடீரெனப் பற்றி வானில் உயர்த்துகின்றன. பிள்ளைகள் இதனை நாளுக்கு இருபது முறை செய்வர். முதலில் நாய் உடலை விறைக்கும்; பின்னர் முகத்தைத் திருப்பி உதட்டை நக்கும்; அதன்பின் உறுமும். உறுமலுக்கு அடி விழுமாயின் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். உறுமல் என்பது நாய் கடியாதிருக்க எடுக்கும் முயற்சி. அதனை அடித்து அடக்குதல், எரியும் வீட்டின் எச்சரிக்கை மணியை உடைப்பது போலாம். இதற்கு மாறாக, தூக்குமுன் ‘தூக்கு’ என ஒரு சொல்லைச் சொல்லி, ஒரு கையை மார்பின்கீழும் மறுகையைப் பின்புறத்தின்கீழும் கொடுத்துத் தூக்கி, உடனே ஒரு துணுக்கையும் அளித்து வந்தால், சில நாட்களில் அச்சொல்லைக் கேட்ட நாய் தானே நெருங்கி நின்று இசைவு காட்டும். நிலத்திற் படுத்திருக்கும் நாயைத் தொடுவதில்லை, அழைத்தால் வரும் நாயையே தடவலாம் என்னும் பழக்கம் பிள்ளைகளுக்குரியது. பயிற்சியிற் பாதி அவர்களுக்கே.

சிறு வாயின் கடி சிறுகடி எனக் கொள்ளலாகாது. குனிந்து கொஞ்சும் குழந்தையின் முகமே அதற்கு எட்டும் உயரத்தில் இருப்பது. இலங்கையில் விசர்நாய்க்கடி நோய் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அந்நோய் முற்றியபின் உயிர் பிழைத்தோர் மிக அரியர். எனவே வீட்டு நாயாயினும் ஆண்டுதோறும் தடுப்பூசி இடப்படல் வேண்டும். எந்த நாய் கடித்தாலும், பல் கீறினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். வேடிக்கையென்று சிரித்துவிட்ட உறுமல் இவ்வளவு தூரம் கொண்டுபோய் விடக்கூடும்.

எந்த வயதிலே தொடங்குவது என்பதற்கும் ஆய்வாளர் விடை கூறியுள்ளனர். அமெரிக்காவில் 1961ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், உயர்ந்த வேலியிட்ட வெளியொன்றில் மனிதத் தொடர்பின்றி 14 வாரம் வரை வளர்ந்த குட்டிகள், பின்னர் எவ்வளவு முயன்றும் மனிதரை அஞ்சி ஒதுங்கியமை காணப்பட்டது. பிறந்து மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே, உலகில் எவையெல்லாம் அஞ்சத்தகாதன என்பதைக் குட்டி கற்கும் பருவம். அப்பருவத்தில் தடுப்பூசிகள் முற்றுப்பெறாதிருப்பதால் தெருவில் இறக்கிவிடுதல் ஆகாது. இங்குச் சிறு நாயின் சிறுமையே அதற்கு உதவுகிறது. துணியிற் சுற்றிக் கையிலேந்திச் சந்தைத் தெரு, பாடசாலை வாசல், கோயில் மேளவொலி யாவற்றையும் தொலைவிலிருந்து காட்டலாம். வெடிச் சத்தத்தை நத்தார், புத்தாண்டு நாட்களில் முதன்முதலாய்க் கேட்பதைவிட, முன்னரே மெல்லிய ஓசைகளோடு உணவைச் சேர்த்துப் பழகுதல் நன்று.

மலசலப் பழக்கம் பற்றி விரிவாகக் கூறவேண்டியதில்லை. சிறு நாயின் சிறுநீர்ப்பை சிறியது; உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடிந்ததும் ஒரே மூலைக்குக் கொண்டுசென்று, காரியம் முடிந்ததும் அங்கேயே துணுக்கைக் கொடுத்தாற் போதும். ஈரத்தில் மூக்கைத் தேய்த்தல் என்னும் பழைய வழக்கத்தால் நாய் கற்பது ஒன்றே: மனிதர் பாராதவிடத்து, கட்டிலின்கீழ் ஒதுங்கிச் செய்தல்.

வளர்ந்த நாயையும் பழக்கலாம். நாட்கள் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவே. ஆயின் நன்கு பழகிய நாய் ஒன்று திடீரெனச் சொற்கேளாமற் போகுமாயின் அதனை வேறுவகையில் நோக்கல் வேண்டும். சிறு இனங்கள் பதினான்கு, பதினைந்து ஆண்டு வரை வாழ்வதுண்டு. முதுமையிற் பலவற்றுக்குச் செவி மந்தமாகும். ‘வா’ என்று எத்தனை முறை கூவினும் முதுகைத் திருப்பிக்கொண்டு கிடக்கும் அக்கிழநாயை வீட்டார் தலைக்கனம் பிடித்ததென்பர். குட்டிப் பருவத்திற் சொல்லோடு கைச்சைகையையும் கற்றிருந்த நாயாயின், எதிரே சென்று கையைத் தாழ்த்தி அசைத்ததும் எழுந்து வரும். இரவில் முற்றத்துக்கு அழைக்க ஒரு கைவிளக்கை இருமுறை மினுக்கினால், அதனையும் அந்த வயதிலே சில நாளிற் கற்றுக்கொள்ளும்.